முஸ்தபா தாண்டி ஒரு முதலை

சிங்கப்பூர் போய் வந்த ஆசாமியைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரு கோடாலித் தைலம் கொடுப்பார். முஸ்தபாவில் வாங்கிய வாட்ச்சைக் காட்டுவார். "ரோட்ல ஒரு குப்பை கிடையாது சார்! இலை போடாமலே சாப்பிடலாம்!" என்பார். செந்தோசா, வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சிங்கம் எல்லாம் ஒப்பிப்பார்.

"முதலை பார்த்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"ஜூவுலதானே?"

ஜூவில் இல்லை. சும்மா, சேற்றில். தீவின் வடமேற்கு ஓரத்தில் சுங்கை பூலோ என்று ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. (மலாய் மொழியில் மூங்கில் ஆறு என்று அர்த்தம்.) கிராஞ்சி ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தால் போதும். டிக்கெட் கிடையாது, சிங்கப்பூரில் இலவசமாகக் கிடைக்கிற சொற்ப சமாசாரங்களில் ஒன்று. ஜலசந்திக்கு அக்கரையில் மலேசியாவின் ஜோகூர் பாரு அடுக்குமாடிகள் தெரியும். இக்கரையில் உப்புநீர் முதலை வாயைத் திறந்தபடி வெயில் காயும். எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். பதற்றப்படாமல் இருக்க வேண்டுமாம்; மெதுவாகப் பின்வாங்க வேண்டுமாம். முதலாவதைக்கூட முயற்சி பண்ணலாம். இரண்டாவதில் 'மெதுவாக' என்பதுதான் கஷ்டம்.

முதலையாவது சோம்பேறி. நான் சிபாரிசு செய்வது சேற்றில் தத்தும் மீனை. மீனாகப் பிறந்துவிட்டுத் தண்ணீரில் இருக்கப் பிடிக்காத பிறவி. துடுப்புகளைக் கைமாதிரி ஊன்றி நடக்கும். செவுளில் கொஞ்சம் தண்ணீரை அடக்கிக்கொண்டு, ஈரத் தோலாலும் மூச்சு விடும். இரண்டு ஆண்களுக்குள் எல்லைத் தகராறு வந்தால் முதுகுத் துடுப்பை விசிறியாக விரித்து, வாயைப் பிளந்து எதிரும் புதிருமாக நிற்கும். நம்மூர் காம்பவுண்டுச் சுவர்ச் சண்டை தோற்றது.

இந்த இடத்தில் முன்பு இறால் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். 1986-ல் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர் கிளைக்காரர்கள் சிலர் பைனாகுலரும் கையுமாக வந்தார்கள். சைபீரியாவிலிருந்து குளிருக்குப் பயந்து ஓடிவரும் பறவைகள் இங்கே இறங்கி இளைப்பாறுவதைப் பார்த்தார்கள். உட்கார்ந்து எண்ணினார்கள். இடத்தைக் காப்பாற்றுங்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதினார்கள். மகஜர் கொடுத்தால் வழக்கமாக என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அங்கே வேலை நடந்தது! 1993 டிசம்பரில் பூங்கா திறந்தாயிற்று. 2002-ல் 130 ஹெக்டேர் சட்டப்படி இயற்கைக் காப்பகம்.

இறால் குளங்களின் மதகுகளை வீணாக்கவில்லை. அவற்றைத் திறந்து மூடித்தான் குளத்தில் தண்ணீர் மட்டத்தைச் சரிபண்ணுகிறார்கள். காரணம், பவளக்காலி உள்ளான் போன்ற பறவைகளுக்கு நீச்சல் ஆகாது. முழங்கால் தண்ணீரும் சேறும்தான் வேண்டும். கடல் ஏறி வெளிச்சேறு முழுகிவிட்டால் கூட்டமாகக் குளத்துக்கு வந்துவிடும். ஆகவே பறவை பார்க்க ஏற்றம், சேற்று மீன் பார்க்க இறக்கம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சீசன்.

ரொம்பவும் புகழ வேண்டாம். அதே கிராஞ்சி வட்டாரத்தில் 2021-ல் ஒரு காட்டுத் துண்டை முறையான அனுமதி வருவதற்கு முன்பே வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். ஜனங்கள் சத்தம் போட்டார்கள். போட்ட சத்தத்தில் மரம் திரும்பவும் முளைக்குமா என்ன?

அசல் மழைக்காடு வேண்டுமானால் புக்கிட் தீமா. பியூட்டி வேர்ல்டு ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். மலை என்று சொன்னால் மலைக்குக் கோபம் வரும். உயரம் சுமார் 163 மீட்டர்தான். ஆனால் அதுதான் தேசத்தின் உச்சி. 1854-ல் வாலஸ் இந்தப் பக்கம் வண்டு பிடிக்க வந்தார். டார்வினுக்குப் போட்டியாக, ஆனால் சண்டை போடாமல், அதே பரிணாமக் கொள்கையைக் கண்டுபிடித்த மனுஷர். இரண்டு மாதத்தில் சுமார் 700 வகை வண்டு பிடித்தார். ஏறக்குறைய எல்லாம் ஒரு சதுர மைலுக்குள். இத்தனைக்கும் காட்டில் புலி பயம். சராசரியாக தினம் ஒரு சீனக் கூலியைப் புலி அடிப்பதாக எழுதி வைத்திருக்கிறார். புலிக்கு வெட்டிய குழிகள் இலை தழை மூடி ஆங்காங்கே வேறு இருந்தன.

அத்தனை வண்டு எப்படிக் கிடைத்தது? சீன மரவெட்டிகள் காட்டைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். விழுந்த மரம், பட்டை, மரத்தூள் எல்லாம் வண்டுக்கு விருந்து. வெட்டு நிற்கவில்லை. தீவின் ஆதிக் காட்டில் 95 சதவிகிதத்துக்கு மேல் போய்விட்டது. கடைசிக் காட்டுப்புலியை 1930-ல் சுட்டார்கள்.

மிச்சத்தில் குரங்கு தாராளமாக உண்டு. பாவம் பார்த்து வாழைப்பழம் நீட்டிவிடாதீர்கள். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். நம் கணக்கில் மூன்று லட்ச ரூபாய்க்கு மேல் வரும் பழம்.

1986-ல் புக்கிட் தீமாவுக்கும் பக்கத்து நீர்ப்பிடிப்புக் காட்டுக்கும் நடுவே எக்ஸ்பிரஸ்வே போட்டார்கள். ஒரே காடு இரண்டு துண்டாயிற்று. இந்தப் பக்கத்து எறும்புத்தின்னிக்கு அந்தப் பக்கத்தில் பெண் பார்க்க வேண்டுமானால் ஆறு லேன் கடக்க வேண்டும். பல எறும்புத்தின்னிகள் கடக்கவில்லை. டயருக்கு அடியில் முடிந்துபோயின. ரோடு போடும்போதே யோசித்திருக்கலாம். 27 வருஷம் கழித்து, 2013-ல், ரோட்டுக்கு மேலே 62 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் கட்டி, மண் கொட்டி, உள்ளூர் மரங்களாகப் பார்த்து நட்டார்கள். பொதுஜனம் ஏறக் கூடாது. யாராவது வருகிறார்களா என்று பார்க்கக் கேமராவும் வைத்தார்கள்.

வந்தது. ராத்திரியில் எறும்புத்தின்னி ஒன்று, கீழே கார்கள் பறக்க, தலையைக் குனிந்து மோப்பம் பிடித்தபடி பாலத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தது.