கிரயத்துக்கு முன் மராமத்துக் கணக்கு

சென்னை நகரத்தில் முப்பது வருஷங்களுக்கு முன் கட்டப்பெற்ற அடுக்குமாடி வீடு ஒன்றைக் கிரயத்துக்கு வாங்கி, அதைச் சீர்படுத்தி வாடகைக்கு விட்டு, வரும் வாடகையைக் கொண்டே வங்கித் தவணையைப் பெரும்பாலும் அடைத்துவிடலாம் என்ற உத்தேசத்தோடு, உத்தியோகத்தில் இருப்பவர்கள் பலர் இந்நாளில் கட்டடப் பொறியாளர்களாகிய நம்மை நாடி வருகிறார்கள். வருவதில் தவறில்லை; வரும் காலந்தான் தவறு. பத்திரம் பதிவாகி, சாவி கைக்கு வந்து, முதல் தவணையும் கழிந்த பிறகே அவர்கள் நம் வாசலை மிதிக்கிறார்கள். அப்போது நாம் சொல்லும் மராமத்துத் தொகை, விலை பேசும்போதே அவர்கள் அறிந்திருக்கவேண்டிய தொகை.

ஒரு திருஷ்டாந்தத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டின் விலை 60 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன், சொத்தின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே 48 லட்சம் கடன், 12 லட்சம் கைப்பணம் என்று வாங்குபவர் மனக்கணக்குப் போட்டுவிடுகிறார். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக நம் மாநிலத்தில் 9 சதவீதம், அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம், அந்த மதிப்பில் சேராது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார். வங்கியின் மதிப்பீட்டாளர் 54 லட்சம் என்று எழுதிவிட்டாலோ, கடன் 43 லட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கி, கைப்பணம் 22 லட்சத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. அம்மட்டோடும் நிற்பதில்லை. கட்டடத்தின் எஞ்சிய ஆயுளைப் பார்த்தே பல வங்கிகள் தவணைக் காலத்தை நிர்ணயிக்கின்றன. 48 லட்சமே கிடைத்ததாக வைத்துக்கொண்டாலும், 8.5 சதவீத வட்டியில் இருபது வருஷத்துக்கு மாதம் ஏறக்குறைய 41,650 ரூபாயாக இருக்கும் தவணை, பதினைந்து வருஷமென்றால் 47,270 ஆகிறது. அந்த வீட்டுக்கு 18 ஆயிரம் வாடகை வந்தால், மீதியைச் சம்பளத்திலிருந்துதான் கட்டவேண்டும்.

இவ்வளவும் ஆகிக் கை வறண்ட நிலையில்தான் மராமத்து ஆரம்பமாகிறது. தேவைப்படும் 6 லட்சத்தை, விரைவில் கிடைக்கிறதென்று தனிநபர் கடனாக 14 சதவீதத்தில் மூன்று வருஷத்துக்கு வாங்கினால், அதன் தவணை மட்டுமே 20 ஆயிரத்தைத் தாண்டி வாடகை முழுவதையும் விழுங்கிவிடும். அதே தொகையை வீட்டுச் சீரமைப்புக் கடனாக, 9 சதவீதத்தில் பத்து வருஷத்துக்கு வாங்கினால் மாதம் 7,600 ரூபாயோடு போய்விடும். பொறியாளரின் மதிப்பீடும், ஒழுங்கான பட்டியலும், வங்கி அதிகாரி பார்வையிட வேண்டிய அவகாசமும் அதற்கு வேண்டும். அவை கிரயத்துக்கு முன்பே ஆயத்தமாக இருந்தாலன்றி, அவசரத்தில் இருப்பவர் முதற்கடனையே தேடிப் போவார்.

விற்பவர் புதிதாக அடித்திருக்கும் பெயிண்டைக் கண்டு வாங்குபவர் மகிழலாம், நாம் மகிழலாகாது. கூரையின் அடிப்பூச்சைச் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் கணீரென்ற ஒலி மாறிப் பொத்தென்று கேட்கும். அங்கே பூச்சை உரித்துப் பார்த்தால், துருவேறிப் பருத்த கம்பி கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு நிற்பது பிரத்தியட்சமாகத் தெரியும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இது சர்வசாதாரணம். சுவருக்குள் புதைத்த பழைய இரும்புக் குழாய்களோ வெளியே நல்ல உருவத்தோடிருந்து, உள்ளே துருவும் உப்பும் படிந்து சுண்டுவிரல் நுழையாதபடி அடைத்துக்கொண்டிருக்கும். குளியலறைத் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, அதில் செங்கல் ஜல்லியை நிரப்பிக் கழிவுக் குழாய்களைப் புதைத்த வீடுகளில், நம் வீட்டுக் குளியலறைக் கூரையில் தோன்றும் ஈரத்துக்குக் காரணம் மேல்வீட்டில் இருக்கிறது. மேல்வீட்டுக்காரர் இசைந்து தம் தளத்தை உடைக்கச் சம்மதித்தாலன்றி, நாம் எத்தனை கைதேர்ந்த கொத்தனாரை அழைத்து வந்தும் பிரயோசனமில்லை. இதை ரூபாயில் எழுத முடியாது. ஆயினும் அறிக்கையில் எழுதவேண்டும்.

இவற்றுக்குச் செலவிட மனமில்லாத அதே மனிதர், மாடுலர் கிச்சனுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் தாராளமாகச் செலவிடுகிறார் என்பது ஒரு விநோதம். குடிவருபவர் முதலில் கேட்பது தண்ணீர் எந்நேரமும் வருமா, வண்டி நிறுத்த இடமுண்டா என்பதைத்தான். 2017ஆம் வருஷத்திய தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், கட்டமைப்புப் பழுது, குழாய் மாற்றம், மின்கம்பி ஆகியவற்றை வீட்டுக்காரர் தலையிலேதான் வைக்கிறது.

வரி விஷயத்தில் இரண்டு வார்த்தை. வாடகை வருமானத்தில் 30 சதவீதக் கழிவு, மராமத்துக்கு எவ்வளவு செலவானாலும், ஒன்றுமே செலவாகாவிட்டாலும், அவ்வளவேதான். வட்டி போக நஷ்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் கழிக்கப் புதிய வரிமுறை இடங்கொடுப்பதில்லை. பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது அபிவிருத்திச் செலவு கணக்கில் வரும், சாதாரணப் பழுதுச் செலவு வராது. ஆகையால் இரண்டையும் தனித்தனி ரசீதாகக் கொடுப்பது நம் கடமை. ஜி.எஸ்.டி.யை மிச்சப்படுத்தலாமென்று ரசீதில்லாமல் வேலை முடிப்பவர், கட்சிக்காரருக்கு உபகாரம் செய்வதாக நாம் நினைக்கவில்லை.

முற்காலத்தில் சென்னையில் வழக்கமாயிருந்த பத்து மாத அட்வான்ஸ், வீட்டுக்காரருக்கு வட்டியில்லாக் கடனாகி, மராமத்துக்கு உதவியது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கலாகாதென்று சட்டம் வந்தபின் அந்த ஊற்று வற்றிவருகிறது. அதற்குப் பதிலாகச் சிலர், மாத வாடகையே வாங்காமல் பல லட்சங்களை மொத்தமாகப் பெற்று வீட்டை லீசுக்கு விட்டு, அப்பணத்தில் மராமத்தை முடிக்கிறார்கள். கெடு முடிந்ததும் முழுத்தொகையையும் திருப்பித் தரவேண்டிய அந்த ஏற்பாடு, வங்கியில் அடமானமாயிருக்கும் வீட்டில், குடியிருப்பவரையும் ஆபத்தில் மாட்டிவைப்பதால், இதைப் புதியவர்களுக்கு யோசனையாகச் சொல்வதை நம்மவர்கள் அறவே நிறுத்தவேண்டும்.

எஞ்சியிருப்பது நம் கூலியைப் பற்றிய விஷயம். வேலையை எங்களிடமே கொடுத்தால் பார்வையிடக் கூலி வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் ஒப்பந்தக்காரர்களிடையே வேரூன்றிவிட்டது; இனாமாக வரும் அம்மதிப்பீடு, கிரயத்துக்கு முன் சிறுத்தும் கிரயத்துக்குப் பின் பெருத்தும் இருப்பதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. வேலை கிடைக்குமென்ற எதிர்பார்ப்பு எதுவுமின்றி, விற்பனை உடன்படிக்கைக்கு முன்பே, தனிக் கூலிக்கு வீட்டைப் பார்த்து, உடனே செய்யவேண்டியது, இரண்டு வருஷம் பொறுக்கக்கூடியது, வீட்டுக்காரரின் ஆசையைப் பொறுத்தது என்று பிரித்து, உச்சத் தொகையையும் குறித்துக் கையொப்பமிட்டுக் கொடுப்பதே முறை என்பது நம் அபிப்பிராயம். அக்கூலியை வாங்குபவரே தரவேண்டும். விற்பவரோ தரகரோ தர முன்வந்தால் மறுத்துவிடலாம்.