துருவின் மேல் வெள்ளிப்பூச்சு



நம் சபைச் சகோதரர் ஒருவர், தம் தகப்பனாரின் பழைய பெட்ரோல் அம்பாசிடர் காரை மகளின் திருமணத்திற்காகச் சீர்படுத்தி வருகிறார். 2014-இல் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியின்மீது எனக்கும் ஒரு பற்று உண்டு. சென்ற வாரம் பானெட்டைத் திறந்து காட்டினார். புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிபோல்டு முழுவதும் செங்காவி நிறத்தில் துரு. "சில்வர் பெயிண்ட் ஒரு கை அடித்தால் போதும்" என்று பட்டறையில் சொன்னார்களாம்.

போதாது என்பதே என் கருத்து. மலைப்பிரசங்கத்தில் துருவைப் பற்றிய எச்சரிக்கை பொக்கிஷங்களுக்கானது. நான் எச்சரிப்பது மேனிபோல்டைப் பற்றி மட்டுமே.

எஞ்சின் ஓடும்போது அந்த இரும்பு பல நூறு டிகிரி சூடேறும். சாதாரண எனாமல் கருகிப்போகும்; துரு உதிரும்போது பூச்சும் உடன் உதிரும். அதைவிடக் கொடியது, துருவுக்கடியில் விரிசல் இருந்தால் பூச்சு அதை மறைத்துவிடும். அவ்வழியே கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது வண்டிக்குள் புகுந்தால் மணமக்களுக்கே ஆபத்து.

இன்னொன்றை நம் ஊரார் எளிதில் உணர்வீர்கள். சில்வர் பெயிண்ட்டில் மினுங்குவது அலுமினியத் தூள். பட்டாசில் வெண்ணொளி தரும் அதே தூள். துரு என்பது இரும்பு ஆக்சைடு. இவ்விரண்டும் சேர்ந்த பரப்பில் இரும்புக் கருவி உரசி அடித்தால், கடும் வெப்பமுள்ள பொறி தெறிக்கக்கூடும். தண்டவாளங்களை இணைக்கும் தெர்மிட் வேலையின் மருந்தும் இவையே. அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினிலோ மேனிபோல்டுக்கு நேர் மேலே கார்புரேட்டர் அமர்ந்திருக்கிறது. பட்டாசு ஆலையில் பித்தளை, மரக் கருவிகளையே கையாண்டு பழகிய நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே அதைக் கழற்றச் சொன்னேன். பழைய ஸ்டட்டுகள் முறியாதிருக்க முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். பழைய கேஸ்கட்டில் கல்நார் இருக்கக்கூடும். அதை உலரச் சுரண்டாமல் நனைத்தே எடுக்க வேண்டும். பிறகு மணல் வீச்சு. அது மூலைமுடுக்கெல்லாம் எட்டுகிறது. கம்பித் தூரிகையால் ஆகாது. கிரைண்டர் பிடிப்பதாயின், மருந்து வாடையே இல்லாத இடத்தில். வெற்று இரும்பு தெரிந்ததும் விரிசல் பார்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அன்றே 600 டிகிரி தாங்கும் பெயிண்ட்டை மெல்லிய கோட்டுகளாக அடிக்க வேண்டும். தாமதித்தால் ஓரிரவிலேயே மறுபடி துரு பூக்கும். மாட்டியபின் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு ஆறவைத்து, அடுத்தமுறை சற்றுக் கூடுதலாக ஓட்டினால் பூச்சு இறுகும். முதலில் புகையும், திறந்தவெளியிலேயே செய்யுங்கள்.

செலவும் நான்கு நாட்களும் கூடுதலாகும் என்று சகோதரர் தயங்கினார். திருமணத்திற்கு இன்னும் இரண்டு வாரங்கள் இருக்கின்றன. நேற்று மாலை போனபோது மேனிபோல்டு கழற்றப்பட்டுத் திண்ணையில் கிடந்தது. இரண்டாம் குழாயின் கழுத்தில் ஒரு விரல் நீளத்திற்கு விரிசல். இப்போது வேறொன்று தேடிக்கொண்டிருக்கிறார்.