ஈழத்துத் தமிழ்ச் சினிமா: பார்வையாளரும் குற்றவாளிகளே

ஈழத்துத் தமிழருக்கெனத் தனியானதொரு சினிமா ஏன் வளரவில்லை என்ற வினா எழும்போதெல்லாம் நாம் ஆயத்தமாக வைத்திருக்கும் விடைகள் மூன்று. சந்தை சிறியது, மூலதனம் கிடையாது, தென்னிந்தியப் படங்களின் போட்டி பெரியது. இவற்றில் உண்மை இல்லை என்று எவரும் கூறார். ஆயினும் இம்மூன்று விடைகளும் பழியை வேறெங்கோ இறக்கி வைக்கின்றன என்பது மனங்கொளத்தக்கது. படம் பார்ப்போராகிய நம்மை அவை விசாரணைக்கு அழைப்பதே இல்லை. அந்த விசாரணையைத் தொடக்கி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் திரைப்படக் கலையில் முறையான பயிற்சி பெற்றவள் அல்லேன். படம் பார்ப்பதில் தீராத விருப்புடைய கலைப்பீட மாணவி. ஆகவே இங்கு கூறப்படுவன ஒரு இரசிகையின் அபிப்பிராயங்களே. அவற்றை மறுக்க விரும்புவோர் தாராளமாக மறுக்கலாம். ஆனால் குறிப்பிடப்படும் படங்களைப் பார்த்துவிட்டு மறுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சந்தை என்னும் சாட்டு

முதலாவது சிங்களப் பேசும் படமாகிய 'கடவுணு பொறொந்துவ' 1947இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் பிடிக்கப்பட்ட இடம் மதுரை. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலையகங்களின் அச்சிலேயே வார்க்கப்பட்டன. கதை, பாட்டு, நடனம், நகைச்சுவை யாவும் அங்கிருந்தே இரவல் பெறப்பட்டன. 1956இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காகக் கமராவைக் கலையகத்துக்கு வெளியே, கிராமத்து வெயிலுக்குக் கொண்டு சென்றார். அப்படம் வசூலில் தோற்றது. எனினும் அதனோடு முயற்சி நின்றுவிடவில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி அவர் 1963இல் உருவாக்கிய 'கம்பெரலிய', 1965இல் புதுடில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதைப் பெற்றது.

சிங்களச் சினிமாவுக்குப் பெரிய சந்தை இருந்தது, பின்னாளில் அரசின் ஆதரவும் கிட்டியது என்று வாதிடலாம். அவ்வாதத்தை ஏற்கிறேன். ஆனால் மூலதனம் பற்றிய வாதத்தை ஏற்பதற்கில்லை. நாயகம் போன்றும் கே. குணரத்தினம் போன்றும் கலையகங்களும் படமாளிகைகளும் உடைய தமிழ் முதலாளிகள் இந்நாட்டில் இருந்தனர். அவர்களுடைய பணம் சிங்களப் படங்களை உருவாக்கிற்று. தமிழ்ப் படத்துக்கு அது வரத் தயங்கியது ஏன்? முதலாளி இலாபம் தேடுபவன். தமிழ்ப் பார்வையாளர் சென்னையிலிருந்து வரும் படத்துக்கே வரிசையில் நிற்பர் என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான். அவனுடைய கணக்கை எழுதிக் கொடுத்தவர்கள் நாமே.

வந்த படங்களுக்கு நாம் செய்தது என்ன?

1962இல் 'சமுதாயம்' என்ற 16 மி.மீ. படத்தோடு தொடங்கிய இலங்கைத் தமிழ்ப் படத் தயாரிப்பு, 1963இல் மலையகத் தோட்ட வாழ்க்கையைக் களமாகக் கொண்ட 'தோட்டக்காரி'யோடு தொடர்ந்தது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, இந்தியப் படங்களின் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் அது வேகம் பெற்றது. 1978ஆம் ஆண்டில் மட்டும் 'வாடைக்காற்று', 'தென்றலும் புயலும்', 'தெய்வம் தந்த வீடு', 'நான் உங்கள் தோழன்' முதலிய படங்கள் திரைக்கு வந்தன. சந்தை சிறியது என்ற வாதம் முழு உண்மையாயின் இவ்வளவு படங்கள் தோன்றியிருக்க இயலாது.

இவற்றுட் பல, தென்னிந்தியப் படங்களின் மங்கிய நகல்கள் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஈழத்தவர் எடுத்தார் என்பதற்காக ஒரு படத்தைப் போற்றுவது விமர்சனமாகாது. வானொலி நாடகமாகப் புகழ்பெற்றுப் பின் 1976இல் திரைக்கு வந்த 'கோமாளிகள்' மக்களை ஈர்த்தது. ஆனால் அது பெரும்பாலும் காதால் கேட்க வேண்டிய படம். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்து 1972இல் வெளிவந்த 'குத்துவிளக்கு' வேறு வகையானது. யாழ்ப்பாணத்துக் கமக்காரக் குடும்பத்தை அதன் மண்ணிலேயே வைத்துக் காட்ட முயன்ற அப்படத்தில், நமது தோட்டமும் வேலியும் முற்றமும் கதைக்கு வெறும் பின்னணியாக நிற்கவில்லை. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி, பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய 'வாடைக்காற்று' இன்னும் ஒரு படி முன்னே சென்றது. பருவந்தோறும் கரைக்கு வந்து வாடியமைக்கும் மீனவரின் தொழிற் போட்டியும் காதலும் பகையும் அதில் ஒன்றையொன்று இழுத்துச் செல்கின்றன. கடல் அங்கு பாட்டுக்கான காட்சியிடம் அன்று. சோறு தரும் இடம்.

இவ்வரிசையில் நான் தலையாயதாகக் கருதுவது 1977இல் வெளிவந்த 'பொன்மணி'. இயக்கியவர், யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய தர்மசேன பத்திராஜ. கதை வசனம் எழுதியவர் காவலூர் இராஜதுரை. சீதனம் இன்றி முடங்கும் குமர்களின் வீடு. சாதி வேலியைத் தாண்டும் ஒரு பெண்ணின் காதல். அதற்கு அவள் செலுத்தும் விலை. நாம் நன்கு அறிந்திருந்தும் வெளியே பேசாத விடயங்களை அப்படம் உரத்த வசனங்களின்றிச் சொன்னது. அதன் மௌனங்களே நமது வீடுகளின் மௌனங்கள். பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துச் சென்றவர்கள் அதனைக் கைவிட்டனர். படம் வசூலில் வீழ்ந்தது. அதே ஆண்டுகளில் நமது ராணியிலும் வின்சரிலும் மனோகராவிலும் சென்னைப் படங்கள் நிறைந்த அரங்குகளில் ஓடின. தர்மசேன பத்திராஜ அடுத்த ஆண்டிலேயே சிங்களத்தில் 'பம்பரு அவித்' என்னும் சிறந்த படத்தைத் தந்தார். தமிழில் இன்னொரு கதைப்படம் அவர் எடுக்கவில்லை. 2018இல் அவர் மறைந்தபோது நாம் எழுதிய அஞ்சலிகள் ஏராளம். 1977இல் வாங்காத நுழைவுச் சீட்டுகளுக்கு அவை ஈடாகுமா?

நாம் புறக்கணித்தவற்றின் மீது நெருப்பும் விழுந்தது. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த குணரத்தினத்தின் விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் அந்நாட்களிலேயே கொல்லப்பட்டார். இக்கொடுமைக்கான பொறுப்பு அதைச் செய்தோரையும் செய்யவிட்டோரையும் சார்ந்தது, இதில் ஐயமில்லை. ஆனால் எரியாமல் எஞ்சியவற்றைத் தேடிப் பேணும் கடமை யாரைச் சார்ந்தது? இன்று ஈழத்துத் தமிழ்ப் படங்களிற் பலவற்றின் நல்ல பிரதி ஒன்றைத்தானும் காண்பது அரிது. தம்பிஐயா தேவதாஸ் எழுதிய 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' போன்ற நூல்கள் இல்லையெனின் அப்படங்களின் பெயர்களும் மறைந்திருக்கும். படத்தைப் பார்த்து அறிய வேண்டிய ஒரு தலைமுறை, படத்தைப் பற்றி வாசித்து அறிகிறது.

பிறர் கமராவில் நமது முகம்

நமது சினிமாவைப் பேணாத நாம், பிறர் படங்களில் நமது முகம் எவ்வாறு தெரிகிறது என்பதில் மாத்திரம் மிகுந்த கவலை கொள்கிறோம். 2002இல் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தபோதும், 2025இல் அபிஷன் ஜீவிந்தின் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தபோதும் நம்மவரின் முதற்கேள்வி ஒன்றே: யாழ்ப்பாணத் தமிழை ஒழுங்காகப் பேசினார்களா? உச்சரிப்பைத் திருத்துவதே விமர்சனம் என்றாயிற்று.

'கன்னத்தில் முத்தமிட்டால்' அழகிய படம். பெற்ற தாயைத் தேடும் சிறுமியின் பிடிவாதம் அதில் உண்மையானது. ஆனால் போர் அங்கு சென்னைக் குடும்பமொன்றின் மனத்துயரைப் பெரிதாக்கும் இடியோசையாகவே ஒலிக்கிறது. குழந்தையைப் பிரிந்து போராளியான தாய் ஏன் அம்முடிவுக்கு வந்தாள் என்பதைப் படம் கேட்கவில்லை. அவளுக்குக் கண்ணீரைக் கொடுத்துத் திருப்தியடைகிறது.

2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ஜாக் ஓடியாரின் 'தீபன்', ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒரு குடும்பமாக நடித்துப் பிரான்சில் அடைக்கலம் தேடும் கதை. முற்பகுதி முழுவதும் அகதியின் சின்னஞ்சிறு அவமானங்களை அது கூர்ந்து நோக்குகிறது. பிற்பகுதியில் நாயகனின் கையில் ஆயுதம் கொடுக்கப்பட்டதும், நாம் பலமுறை பார்த்த பழிவாங்கும் படமாகி விடுகிறது. போர் முடிந்த பின்னும் ஈழத் தமிழனை ஆயுதத்தோடு காண்பதிலேயே மேலைத்தேயக் கமராவுக்குச் சுவை போலும். நாமோ விருதைக் கண்டு மகிழ்ந்து, அந்த முடிவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

'டூரிஸ்ட் ஃபேமிலி' நமது பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பிச் செல்லும் குடும்பத்தைக் கனிவோடு காட்டுகிறது. ஊர் தெரியாமலிருக்கப் பேச்சை மறைக்க வேண்டியிருப்பது அதில் வரும் மெய்யான துயரம். ஆனால் அக்குடும்பத்தவர் யாவரும் அளவுக்கு மீறி நல்லவர்கள். அயலவரின் மனங்களையெல்லாம் திருத்திய பின்னரே அவர்களுக்கு அங்கு இடம் கிடைக்கிறது. கோபமும் குறையும் உடைய சாதாரண மனிதன் அகதியாக வந்தால் அவனுக்கு அடைக்கலம் இல்லையா? இக்கேள்வியை எழுப்பாமல், தம்மை நல்லவராகக் காட்டிவிட்டார்கள் என்று நம்மவர் நெகிழ்ந்தனர். நம்மைப் புகழும் படம் நல்ல படம் என்னும் அளவுகோல் எவ்வளவு மலிவானது!

பார்க்க மறுத்தவை

அந்த அளவுகோலின் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. நம்மைச் சங்கடப்படுத்தும் படத்தை நாம் பார்க்கவே மறுக்கிறோம்.

1990இல் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். நமது அயலவருக்கு நேர்ந்த இப்பெருங் கொடுமையை, தான் வளர்த்த நாயைப் பிரிய மனமில்லாத ஒரு சிறுவனின் வாயிலாக 2003இல் 'இர மதியம' என்ற சிங்களப் படம் காட்டிற்று. அதன் இயக்குநர் பிரசன்ன விதானகே. அக்கதையைச் சொல்லும் கடமை முதலில் நமக்கே உரியது. நாம் சொல்லவில்லை, சொன்ன படத்தையும் நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்?

அதே இயக்குநரின் 'ஒப நத்துவ ஒப எக்க' (2012), தொஸ்தோயெவ்ஸ்கியின் கதையொன்றை மலையகத்துக்குக் கொண்டு வருகிறது. முன்னாட் சிங்களப் படைவீரனான அடகுக்கடைக்காரனுக்கும், போரில் யாவும் இழந்த செல்வி என்ற தமிழ்ப் பெண்ணுக்கும் இடையிலான மணவாழ்வே கதை. இராணுவத்தின் குற்றத்தை ஒரு சிங்களவனின் படுக்கையறை வரை கொண்டு சென்று விசாரிக்கும் இப்படம், 2014இல் சென்னையில் திரையிடப்பட்டபோது மிரட்டல்களால் நிறுத்தப்பட்டது. இயக்குநர் சிங்களவர் என்பது போதுமான குற்றமாயிற்று. தமிழ்ப் பெண்ணின் துயரைத் தமிழின் பெயரால் தடுத்த விந்தை அது.

சென்னையைக் குறை கூறிவிட்டு நாம் தப்ப இயலாது. ஜூட் ரத்னத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' (2017) என்ற ஆவணப்படம், 1983இல் சிறுவனாகக் கொழும்பை விட்டோடிய ஒரு தமிழர், பின்னாளில் தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்றழித்த வரலாற்றை நேர்கொண்டு நோக்கும் முயற்சி. 2018இல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில் காண்பிக்கப்படவிருந்த அப்படம், எதிர்ப்புகளையடுத்து நீக்கப்பட்டது. அப்படத்தின் அரசியலோடு எனக்கும் முரண்பாடு உண்டு. இயக்கங்களின் வன்முறையை அது பேசும் அளவுக்கு அவ்வன்முறை முளைத்த நிலத்தைப் பேசவில்லை என்பது என் கருத்து. ஆனால் ஒரு படத்தோடு முரண்படுவதற்கு அதைப் பார்க்க வேண்டுமல்லவா? இறந்த மகனின் சவப்பெட்டியை நம்ப மறுக்கும் தந்தையின் கதையாகிய 'புர ஹந்த களுவர'வை இலங்கை அரசு 2000இல் தடை செய்தபோது நாம் அதைக் கண்டித்தோம். அதன் இயக்குநர் நீதிமன்றம் சென்று அடுத்த ஆண்டில் வென்றார். அரசு செய்யின் தணிக்கை, நாம் செய்யின் இனமானம் என்னும் இரட்டை நியாயம் அறிவுலகத்துக்கு அடுக்காது.

செய்ய வேண்டியவை

புலம்பலோடு நிறுத்துவது நமது கட்டுரைகளின் வழக்கம். அவ்வழக்கத்தை விட்டு, தமிழ்ச் சங்கத்தின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, மாதம் ஒருமுறையேனும் திரையிடலும் கலந்துரையாடலும் நடைபெற வேண்டும். ஈழத்துப் படங்களோடு சிங்களப் படங்களும் தமிழ் உபதலைப்புகளுடன் இடம்பெற வேண்டும். இரண்டாவது, ஈழத்துப் படங்களின் பிரதிகள், பாட்டுப் புத்தகங்கள், சுவரொட்டிகள், அவற்றில் பங்குபற்றியோரின் வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டிப் பல்கலைக்கழக நூலகத்தில் வைக்க வேண்டும். அக்கலைஞருட் பலர் முதுமையடைந்துவிட்டனர், இப்பணி காத்திருக்காது. மூன்றாவது, நாவலும் நாடகமும் பாடமாகும் கலைப்பீடத்தில் திரைப்படமும் பாடமாக வேண்டும் என விரிவுரையாளர் குரல் கொடுக்க வேண்டும். நான்காவது, இம்மலரில் ஆண்டுதோறும் ஒரு திரைப்பட விமர்சனமாவது இடம்பெற வேண்டும். அது நடிகர் புகழ்பாடும் கட்டுரையாக இருத்தல் ஆகாது.

இவற்றுக்குப் பெரும் மூலதனம் வேண்டியதில்லை. ஒரு திரை, ஒரு மண்டபம், சில கதிரைகள், வாதிடத் துணிந்த சிலர் போதும். இன்று முல்லைத்தீவிலும் ஹற்றனிலும் மட்டக்களப்பிலும் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு குறும்படம் எடுக்கும் இளைஞருள் அடுத்த 'பொன்மணி'யை எடுக்கப் போகிறவரும் இருக்கலாம். அவர் படத்தோடு வரும் நாளில் அரங்கில் நாம் இருப்போமா என்பதற்கு விடை கூற வேண்டியவர்கள் தயாரிப்பாளரோ அரசோ அல்லர். இம்மலரை வாசிக்கும் நாமே.