பத்மினிக்கு ஸ்பிரிங் மாத்தணுமா? ஒண்ணு இல்ல, ரெண்டு!

பழைய பிரீமியர் பத்மினியை ஆசையா வாங்கி வெச்சிருக்கீங்களா? ஆசை தப்பே இல்லை. ஆனா முன்பக்க காயில் ஸ்பிரிங் தளர்ந்து வண்டி ஒரு பக்கம் சாய ஆரம்பிச்சா, "அந்தப் பக்கம் மட்டும் மாத்துனா பாதிச் செலவுதானே?"ன்னு தோணும். ஆடிட்டரா சொல்றேன், அது சிக்கனமே இல்லை.

ஒரு பக்கம் புது ஸ்பிரிங், மறுபக்கம் தளர்ந்ததுன்னா உயரம் சமமா நிக்காது. வளைவுல திருப்பும்போது வண்டி இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி போகும். சக்கரத்தோட கோணம் மாறி டயரும் ஒரு ஓரமா தேயும். மிச்சம் பிடிச்ச காசு டயர் கடைக்குப் போயிடும்.

ரெண்டையும் மாத்தும்போதே புஷ், ஷாக் அப்சார்பரையும் பார்த்துடுங்க. கழட்டி மாட்டுற கூலி ஒரே தடவைதான். கடைசியில வீல் அலைன்மென்ட் கட்டாயம். கூலியை மிச்சம் பிடிக்க வீடியோ பார்த்து நீங்களே கழட்டாதீங்க. அமுங்கியிருக்கிற ஸ்பிரிங் தெறிச்சா உயிருக்கே ஆபத்து.

இன்னொண்ணு, இதை முதலீடுன்னு சொல்லாதீங்க. சொந்த உபயோகக் கார், வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்தே கிடையாது. லாபத்துக்கு வித்தா அதுக்கு வரி இல்லை. நஷ்டத்துக்கு வித்தா அதைக் கழிச்சுக்கவும் முடியாது. இது செலவு. அதனால கிரெடிட் கார்டு இஎம்ஐ வேண்டாம், எமர்ஜென்சி ஃபண்டையும் தொட வேண்டாம். மாசம் 1,500 ரூபாய்க்குத் தனியா ஒரு ஆர்டி போடுங்க. வருஷத்துக்கு 18,000 ரூபாய் அசல் சேரும்.

அதுக்கே சம்பளத்துல இடமில்லைன்னா, பத்மினியை இப்போதைக்கு அடுத்தவங்க வீட்டு வாசல்லயே ரசிச்சுக்கலாம்.