பெயர்ப் பலகைக்கு ஏன் பயம்?

உங்கள் தெருவிலும் ஒரு மாமி இருப்பாள். அவள் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டால் நாலு வீடு தள்ளி மணக்கும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே முறுக்குச் சுற்றியும் லாடு பிடித்தும் கை ஓய்ந்து போயிருப்பாள். ஆனால் அவள் வீட்டு வாசலில் போய்ப் பாருங்கள். ஓர் அட்டை கிடையாது, ஓர் எழுத்துக் கிடையாது. புதிதாக யாராவது விசாரித்துக்கொண்டு வந்து, "நீங்கள் பட்சணம் செய்து விற்கிறீர்களாமே?" என்று கேட்டால், திருட்டுப் பொருள் வைத்திருப்பவள் மாதிரி முகம் மாறிவிடும். "விற்கிறதாவது! ஏதோ தெரிஞ்சவா கேட்டா பண்ணித் தரேன், அவ்வளவுதான்" என்பாள்.

பணம் கொடுக்கும் கட்டம் இன்னும் வேடிக்கை.

"எவ்வளவு ஆச்சு மாமி?"

"அதுக்கென்னடி இப்போ அவசரம்?"

"இல்லே மாமி, சொல்லுங்கோ."

"நீயே பார்த்துக் குடு."

அந்தப் பெண்ணும் பார்த்துத்தான் கொடுக்கிறாள், பெரும்பாலும் குறைத்துப் பார்த்து! மாமி நோட்டை எண்ணாமல் மடித்துச் செருகிக்கொள்கிறாள். ராத்திரி எண்ணெய், உளுந்து, காஸ் என்று கூட்டிப் பார்க்கும்போதுதான் இரண்டு நாள் உழைப்பும் தர்மத்தில் போய்விட்டது தெரிகிறது. சிரித்த முகத்தோடு நஷ்டப்படும் வியாபாரம் இது ஒன்றுதான்!

மாமி என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அக்கா, மாடியில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் டீச்சரம்மா, பட்டுப் புடவைக்குக் குஞ்சம் கட்டித் தரும் எதிர்வீட்டு மன்னி, எல்லாருடைய கதையும் இதுதான். இதை வாசிக்கும் நீங்களே அந்த மாமியாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இதற்குச் சிலர் அடக்கம் என்று அழகாகப் பெயர் வைக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே மாமி காலையில் கத்தரிக்காய்க்காரியிடம் இரண்டு ரூபாய்க்காகக் கால் மணி நேரம் வாதாடியிருக்கிறாளே! அப்போது அந்தக் கூச்சம் எங்கே போயிற்று? கத்தரிக்காயின் விலை கத்தரிக்காய்க்குத்தான். ஆனால் தன் கையால் செய்த முறுக்குக்கு விலை சொல்லும்போது தனக்கே விலை சொல்வது போல் இருக்கிறது. "இவ்வளவா?" என்று எதிராளி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், "நீ இவ்வளவு பெறுவாயா?" என்று கேட்டதாகவே மனசு எடுத்துக்கொள்கிறது.

விலை சொல்லக் கூச்சம் என்றால், பெயர் போட்டுக்கொள்ளப் பயம். "காசுக்குச் சமைக்க வேண்டிய நிலை வந்துவிட்டதா என்று சம்பந்தி வீட்டார் கேட்பார்களே?" "அவருடைய உத்தியோகத்துக்குக் கௌரவக் குறைவு இல்லையா?" "நம்மைவிட நன்றாகச் செய்கிறவர்கள் எத்தனையோ பேர். நாம் போய்ப் பலகை மாட்டுவதாவது!" இந்தக் கடைசிச் சந்தேகம் நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள், நன்றாகப் படித்து முன்னுக்கு வந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி 1978-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பட்டமும் பதவியும் பெற்ற அந்தப் பெண்களில் பலர், 'நமக்கு உண்மையில் தகுதி இல்லை, எப்படியோ எல்லாரையும் ஏமாற்றி வந்துவிட்டோம், ஒரு நாள் குட்டு உடைந்துவிடும்' என்று உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தார்களாம். டாக்டர் பட்டம் வாங்கியவளுக்கே அந்தக் கதி என்றால், நார்த்தங்காய் ஊறுகாய் போடுகிறவளைக் கேட்பானேன்?

ஊர் முழுவதும் நம்மையே பார்க்கிறது என்ற பயத்தையும் ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார். கார்னெல் சர்வகலாசாலையில் தாமஸ் கிலோவிச் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் நடத்திய சோதனை அது. 2000-ல் வெளிவந்தது. ஒரு மாணவருக்கு, போட்டுக்கொள்ளவே வெட்கப்படும்படியான ஒரு பாடகரின் படம் அச்சிட்ட பனியனை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், "எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் என்று பதில் வந்தது. உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்கூட இல்லை! உங்கள் வாசலில் தொங்கும் அட்டையை எதிர்வீட்டுக்காரி நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள் என்றா நினைக்கிறீர்கள்? அவளுக்கு அவள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதே ஞாபகம் இருப்பதில்லை.

'முதலில் பயம் போகட்டும், தைரியம் வந்த பிறகு வெளியே வரலாம்' என்று காத்திருக்கிறவர்களுக்குப் பட்ரீஷியா நாராயண் அம்மாளின் முதல் நாள் வியாபாரத்தைச் சொல்ல வேண்டும். சென்னையில் பலர் அறிந்த கதைதான். ஆனாலும் அதில் நாம் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு.

பெற்றோர் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, அந்த வாழ்க்கை சரியாக அமையாமல், இரண்டு குழந்தைகளுடன் தாய் வீட்டுக்கே திரும்பி வந்தவர் அவர். சமையலில் ஆசை உண்டு. வீட்டிலேயே ஊறுகாய், ஜாம், பழரசம் எல்லாம் செய்தார். அவற்றை விற்றது யார் தெரியுமா? அவருடைய தாயார். தாம் வேலை பார்த்த ஆபீசுக்கு எடுத்துப் போய் விற்றுக் கொடுத்தார். சரக்கு நன்றாகவே போயிற்று. அதாவது கைத்திறனுக்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. ஆனால் முகம் இன்னும் வீட்டுக்குள்தான் இருந்தது. நம்மில் பலர் இந்தப் படியிலேயே ஆயுள் முழுவதும் நின்றுவிடுகிறோம். அம்மா விற்றுக் கொடுப்பாள், நாத்தனார் நாலு பேரிடம் சொல்லுவாள், நாம் அடுப்படியிலேயே இருந்துவிடலாம் என்று!

பட்ரீஷியா அடுத்த படி ஏறினார். குடும்ப நண்பரான டாக்டர் ஒருவர், உடல் ஊனமுற்ற இருவரை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு தள்ளுவண்டி கொடுத்தார். மெரினாவில் அண்ணா சதுக்கத்தருகே வண்டியை நிறுத்த அனுமதி கேட்டு, ஏறக்குறைய ஒரு வருஷம் சர்க்கார் ஆபீசுக்கு நடந்தார். கடைசியில் 1982 ஜூன் 21-ந் தேதி கடை திறந்தாயிற்று. சுண்டலும் வேர்க்கடலையும் விற்ற கடற்கரையில் கட்லெட், சமோசா, பழரசம், காபி, டீ என்று புதுமையாகப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார். அன்று நடந்த மொத்த வியாபாரம் எவ்வளவு? ஒரே ஒரு கப் காபி. விலை 50 பைசா!

அழுதுகொண்டு வீட்டுக்குப் போனார். இனிமேல் இந்த வேலையே வேண்டாம் என்றார். ஒரு கப்பாவது விற்றதே, நாளைக்குப் பார்க்கலாம் என்று தாயார் தேற்றி அனுப்பினார். மறுநாள் 600 ரூபாய்க்கு மேல் வியாபாரம்.

நாம் தாண்டிப் போகும் இடம் இதுதான். அந்த ஒரு ராத்திரியில் பட்ரீஷியாவுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? வரவே இல்லை. அழுத கண்ணோடு அதே வண்டி, அதே பண்டம், அதே இடம் என்றுதான் மறுநாளும் போனார். மாறியவர்கள் கடற்கரைக்கு வந்தவர்கள்தான் என்பது என் யூகம். புதுக் கடையை ஜனங்கள் முதல் நாள் பார்க்கிறார்கள். மறுநாளும் அது அங்கேயே இருந்தால்தான் பர்ஸைத் திறக்கிறார்கள்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் கடற்கரையில் உலாவ வந்த ஓர் அதிகாரி மூலம் குடிசை மாற்று வாரியத்தின் கான்டீன் கிடைத்தது. பிறகு வேறு கான்டீன்கள், அப்புறம் சொந்த ஓட்டல்கள். 2010-ல் ஃபிக்கி அமைப்பின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருதும் வந்தது. வீட்டுக்குள் இருந்தே ஜாம் கிளறிக்கொண்டிருந்தால், உலாவ வந்த அந்த அதிகாரிக்கு இப்படி ஒருவர் இருப்பது எப்படித் தெரிந்திருக்கும்?

அண்ணா சதுக்கத்தில் வண்டி நிறுத்த எல்லாராலும் முடியாது, வாஸ்தவம். வீட்டை விட்டு நகராமலே பெயரை வெளியே அனுப்பியவரும் நம்மிடையே இருந்திருக்கிறார். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பாட்டி வீட்டு அலமாரியில் இருக்கும். இளம் வயதில் கணவரை இழந்தவர். கல்யாணமாகிப் போன உறவுப் பெண்களெல்லாம் "ரசத்துக்கு என்ன பொடி? சாம்பாருக்கு என்ன அளவு?" என்று கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருப்பார்களாம். அவரும் சளைக்காமல் பதில் எழுதுவாராம். உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர்தான், இதையெல்லாம் புத்தகமாகப் போடேன் என்று தூண்டினார். 1951-ல், சொந்த முயற்சியில், சொந்தப் பெயரில் புத்தகம் வந்தது. 'சமையலைக்கூடப் புத்தகத்தில் பார்த்தா கற்றுக்கொள்வது?' என்று முகத்தைச் சுளிக்கக் கூடிய காலம் அது. பெயரில்லாமல் கடிதத்தோடு கடிதமாகப் போயிருந்தால் அந்த அளவெல்லாம் இன்று நமக்குக் கிடைத்திருக்குமா? 70 வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் புத்தகம் விற்கிறது.

பெயர் என்றதும் ஆமதாபாத் ஞாபகம் வருகிறது. 2022-ல் மறைந்த இலா பட் அம்மையார் அங்கே 1972-ல் 'சேவா' சங்கத்தைத் தொடங்கினார். காய்கறி விற்பவர்கள், தலைச்சுமை தூக்குபவர்கள், வீட்டில் துணி தைப்பவர்கள் எல்லாரும் அங்கத்தினர்கள். 1974-ல் ஆளுக்குப் 10 ரூபாய் பங்குப் பணம் போட்டு, 4,000 பெண்கள் சேர்ந்து தங்களுக்கென்றே ஒரு பாங்கு ஆரம்பித்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பாங்கு நடத்துவதா என்ற ஆட்சேபணை எழுந்தது. பத்திரத்தில் கையெழுத்திட வேண்டிய பெண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். மறுநாள் போய் எழுதியும் காட்டினார்கள். எழுதத் தெரியாத மற்றவர்களை அடையாளம் காணப் போட்டோ ஒட்டும் வழக்கத்தை அந்தப் பாங்கு கொண்டுவந்தது. ஏட்டுப் படிப்பே இல்லாதவள் தன் முகத்தையே கையெழுத்தாக வைத்தாள். பட்டப் படிப்புப் படித்த நாம் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூப் படத்தை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறோம்!

சரி, உங்கள் காரியத்துக்கு வருவோம். விலையை வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறதா? சொல்லவே வேண்டாம், எழுதி வையுங்கள். முறுக்கு கிலோ இன்ன விலை, ரவிக்கைத் தையல் கூலி இவ்வளவு, லைனிங் வைத்தால் இவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி, கேட்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் அதையே படமெடுத்து அனுப்புங்கள். வாயால் சொன்ன விலையில் பேரம் பேசுகிறவர்கள் எழுதின விலைக்குச் சற்றுத் தயங்குகிறார்கள். விலை போடும்போது எண்ணெயையும் உளுந்தையும் மட்டும் கணக்கிட்டு, அடுப்படியில் நின்ற நேரத்தை விட்டுவிடாதீர்கள். அதுதான் பெரும்பாலோர் விடும் இடம்.

ஊறுகாயைப் பாட்டிலில் அடைத்து விற்பவரானால் இன்னொரு சௌகரியம். சட்டமே உங்கள் கூச்சத்தைப் போக்குகிறது! உணவுப் பண்டம் விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு 14 இலக்க எண் ஒன்று பெற வேண்டும். அடைத்து விற்கும் சரக்கின் மேல் செய்தவர் பெயர், விலாசம், எடை, தேதி, விலை எல்லாம் இருக்க வேண்டும். யாராவது கேட்டால், "நான் எங்கே விளம்பரம் செய்தேன்? சர்க்கார் போடச் சொன்னார்கள், போட்டேன்" என்று சொல்லிவிடலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. பணம் எந்தக் கணக்கில் விழுகிறது? உழைப்பது நீங்கள், பணம் போய்ச் சேருவது வீட்டுக்காரரின் போனுக்கு என்றால், பத்து வருஷம் வியாபாரம் செய்தாலும் பாங்கியின் பார்வையில் நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை. நாளைக்கு ஒரு பெரிய கிரைண்டர் வாங்கக் கடன் கேட்டுப் போனால் காட்ட என்ன இருக்கும்? அவர் நல்லவராகவே இருக்கட்டும். கணக்கு உங்கள் பெயரிலும் இருக்கட்டும்.

பயப்பட வேண்டிய இடமும் உண்டு, மறுக்கவில்லை. பெண் பெயரோடு டெலிபோன் நம்பர் வெளியே போனால் அகாலத்தில் அழைக்கும் அசடுகள் இருக்கத்தான் செய்கிறார்கள். வியாபாரத்துக்குத் தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி எட்டு மணிக்குமேல் அதை அணைத்து வையுங்கள். குழந்தைகளின் படத்தையும், அவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் வியாபாரப் பக்கத்தில் போடவே போடாதீர்கள். புது மனிதர் சரக்கு வாங்க வரும்போது வீட்டில் இன்னொருவரும் இருக்கட்டும். இது கூச்சமில்லை, ஜாக்கிரதை.

பலகை எங்கே மாட்டுவது என்று கேட்கிறீர்களா? முதலில் வாசலில் வேண்டாமே. கோவில் உற்சவத்திலோ, பள்ளிக்கூடத்துப் பொருட்காட்சியிலோ, உங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தின் பொங்கல் விழாவிலோ ஒரு மேஜை கேளுங்கள். அரை நாள் நின்று பாருங்கள். ஒரே ஒரு பாட்டில் விற்றாலும் அடுத்த விழாவுக்கும் மேஜைக்குச் சொல்லிவையுங்கள்.

"எல்லாம் சரி, விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு, 'நமக்குள்ளே என்ன காசு?' என்று கேட்கும் நெருங்கிய சொந்தக்காரர்களை என்ன செய்வது?" என்கிறீர்களா? அதற்கு ஒரு பக்கம் போதாது. அடுத்த வாரம் அவர்களைக் கவனித்துக்கொள்ளலாம்.