வீட்டுத் திரையரங்கும் புதிய ரிசீவரும்

பண்டிகைக் காலம் நெருங்கும்போது நம் சங்கத்து அன்பர்கள் இப்பகுதிக்கு விடுக்கும் வினாக்களுள் வீட்டுத் திரையரங்கைப் பற்றியது ஒன்றேனும் இருக்கும். பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய ரிசீவர் பழுதின்றி ஒலிக்கின்றது. ஆயினும் புதிதாக வந்த தொலைக்காட்சியோடு அது இணங்க மறுக்கின்றது. கடைக்குச் சென்றால் ஒன்றரை லட்ச ரூபாய்க் கருவி ஒன்றைக் காட்டி, "இதை வாங்கிவிட்டால் இன்னும் பத்தாண்டுகளுக்குக் கவலையில்லை" என்கின்றனர். அத்தகைய உறுதியை எவரேனும் அளிக்க இயலுமா என்பதே வினா. ஓரளவு இயலும், ஆனால் கடைக்காரர் சுட்டிக்காட்டும் இடத்தில் அன்று என்பது நம் கருத்து.

ரிசீவர் என்பது இரண்டு வேலைகளை ஒரே பெட்டிக்குள் செய்யும் கருவி. செட்-டாப் பெட்டி, புளூ-ரே கருவி, பிள்ளைகளின் விளையாட்டுக் கருவி ஆகியவற்றிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் பெற்று, படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவது ஒன்று. ஒலியைப் பிரித்து, வலுவூட்டி, அறையைச் சுற்றியுள்ள ஒலிபெருக்கிகளுக்குப் பங்கிட்டு அளிப்பது மற்றொன்று. இரண்டாம் வேலை மெல்லவே மாறும். முதல் வேலையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகீழாகிவிடுகின்றது. "எதிர்காலத்துக்கும் ஏற்றது" என்னும் விளம்பரம் பெரும்பாலும் அம்முதல் வேலையைப் பற்றியதாகவே இருப்பதுதான் வேடிக்கை.

எச்.டி.எம்.ஐ. எனப்படும் இணைப்பின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 2002-ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய அது, 2013-இல் 2.0 பதிப்பாக வந்தபோது நொடிக்கு 18 கிகாபிட் கடத்தியது. 2017-இல் அறிவிக்கப்பட்ட 2.1 பதிப்பு 48 கிகாபிட் கடத்தவல்லது. 2025-இல் வெளியான 2.2 பதிப்போ 96 கிகாபிட் என்கின்றது. 2013, 2014 ஆண்டுகளில் "4கே படம் செல்லும்" என்று கூறி விற்கப்பட்ட ரிசீவர்கள் பலவற்றில் எச்.டி.சி.பி. 2.2 என்னும் புதிய காப்பு முறை இல்லை. 2016-இல் 4கே புளூ-ரே வட்டுகள் கடைக்கு வந்தபோது, அவற்றின் முழுத் தெளிவுள்ள படம் அந்த ரிசீவர்களைக் கடந்து செல்லவில்லை. எதிர்காலத்திற்கென்று வாங்கியவர்கள் மூன்றாண்டுகளுக்குள் இறந்தகாலத்தில் இருந்தனர்.

அடுத்த கதையும் அதே வகையினதுதான். 2020-இல் "8கே" முத்திரையோடு முதன்முதல் வந்த ரிசீவர்கள் சிலவற்றில் உள்ளிருந்த சில்லு குறையுடையதாயிருந்தது. நொடிக்கு 120 சட்டங்கள் கொண்ட 4கே படத்தைப் புதிய விளையாட்டுக் கருவியிலிருந்து அனுப்பினால் திரை இருண்டது. பின்னர் உற்பத்தியாளர்கள் தனி இணைப்புப் பெட்டி கொடுத்தும், உட்பலகையை மாற்றியும் அதனைச் சரிசெய்தனர். புதுமையை முதன்முதல் வாங்குபவரே அதனைச் சோதிப்பவராகவும் ஆகிவிடுகின்றார்!

இவ்வோட்டத்தில் நாம் பங்குகொள்ள வேண்டியதில்லை. இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றில் "ஈ-ஆர்க்" என்று குறிக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. துளை ஒன்று இருக்கும். படம் தரும் கருவிகள் யாவற்றையும் தொலைக்காட்சியிலேயே செருகிவிட்டு, அத்துளையிலிருந்து ஒரே கம்பியால் ரிசீவரை இணைத்தால், ஒலி மட்டும் தொலைக்காட்சியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வரும். படம் ரிசீவரைத் தொடுவதே இல்லை. நாளை 16கே வந்தாலும் அது தொலைக்காட்சியின் கவலை. ரிசீவர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஈ-ஆர்க் இல்லாத பழைய "ஆர்க்" துளையேயானாலும், நெட்ஃபிளிக்ஸ், பிரைம் போன்றவை தரும் சுருக்கிய அட்மாஸ் ஒலி பெரும்பாலும் அதன் வழியே வந்துவிடும். புளூ-ரே வட்டின் சுருக்கப்படாத தரம் வேண்டுவோர்க்கே ஈ-ஆர்க் இன்றியமையாதது. ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும்: சில தொலைக்காட்சிகள் டி.டி.எஸ். வகை ஒலியைத் திருப்பி அனுப்புவதில்லை. வட்டுகளை மிகுதியாகச் சேர்த்து வைத்திருப்போர் வாங்குமுன் இதனைக் கேட்டறிய வேண்டும்.

ஆகவே, பணத்தை ஒலியின் பக்கம் செலவிடுக என்போம். அதிலும் முதலிடம் ரிசீவருக்கன்று, ஒலிபெருக்கிகளுக்கே. நல்ல ஒலிபெருக்கி இருபதாண்டுகளுக்கு மேலும் உழைக்கும். அதற்குள் இரண்டு மூன்று ரிசீவர்கள் வந்து போய்விடும். கூம்பின் விளிம்பு ரப்பரால் ஆனதா, பஞ்சு போன்ற நுரையால் ஆனதா என்று விரலால் தொட்டுப் பார்க்கவும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று வீசும் நகரங்களில் நுரை விளிம்பு சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும்.

ஒலிபெருக்கிகளுள்ளும் நடுவில் வைப்பதே நம் குடும்பங்களுக்கு முக்கியமானது. திரைப்பட ஒலியில் உரையாடல் பெரும்பாலும் நடு வழியிலேயே அமைக்கப்படுகின்றது. தொலைக்காட்சியின் மெல்லிய உடலுக்குள் ஒளிந்திருக்கும் சிறு ஒலிபெருக்கிகளில் இசையும் இரைச்சலும் பேச்சும் ஒன்றோடொன்று குழம்பிப் போகின்றன. தாத்தா, "என்ன சொன்னான்?" என்று கேட்கின்றார், பேரனோ அடிவரியில் ஓடும் ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டு படம் பார்க்கின்றான். வெளியே இந்தியும் மராத்தியும் வங்காளமும் கேட்டு வளரும் பிள்ளைக்கு, வீட்டினர் குரலுக்கு அடுத்தபடி தமிழ்ச் சொல் காதில் விழும் இடம் பல வீடுகளில் அத்திரை ஒன்றே. அச்சொல் தெளிவாக விழுவதற்கு ஆகும் செலவை நாம் ஆடம்பரமாகக் கருதுவதில்லை. 1950-களின் தமிழ்ப் படங்கள் ஒற்றை வழி ஒலியில் அமைந்தவை. அவற்றை ரிசீவரின் டால்பி சூழொலி முறையில் வைத்தால் உரையாடல் முழுவதும் நடு ஒலிபெருக்கிக்கே வந்து சேரும். 'பராசக்தி'யை ஒருமுறை இவ்வாறு கேட்டுப் பார்க்கலாம்.

அட்மாஸ் வேண்டுமா என்று கேட்போர் உண்டு. 'சிவாஜி' படத்தின் முப்பரிமாணப் பதிப்பு 2012 டிசம்பரில் அட்மாஸ் ஒலியோடு வெளிவந்தது. மறு ஆண்டு 'விஸ்வரூபம்' ஆரோ 3டி என்னும் வேறொரு முறையில் வந்தது. வீடுகளில் அட்மாஸ் பரவிய அளவு மற்றது பரவவில்லை. எனவே அட்மாஸ் இருந்தால் போதும். பெட்டியின் மேல் ஒட்டியுள்ள பிற முத்திரைகளுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டா. ஏழு வழிகள் உள்ள ரிசீவர் ஒன்றைக் கொண்டு, சுற்றிலும் ஐந்து, மேலே இரண்டு என அமைத்துக்கொள்ளலாம். வாடகை வீட்டுக் கூரையில் துளையிட உரிமையாளர் இசையமாட்டார். ஒலியை மேல்நோக்கி எறிந்து கூரையில் பட்டுத் திரும்பச் செய்யும் ஒலிபெருக்கிகள் உள்ளன. அவற்றுக்குச் சமதளமான கூரை வேண்டும். நம் வீடுகளிலோ நடுக் கூடத்தில் மின்விசிறி சுழல்கின்றது! ஒலி செல்லும் வழியில் அது குறுக்கிடாதவாறு இருக்கைகளை அமைக்க இயலாதெனில், அந்த இரண்டையும் விட்டுவிடுதலே நன்று. ஒன்பது, பதினொன்று என வழிகளைப் பெருக்குதல் பன்னிரண்டடி அறைக்கு வேண்டாத சுமை.

வாட் கணக்கில் ஏமாறுவோர் மிகப் பலர். ஒரே சுரத்தை ஒரே வழியில் செலுத்தி, பத்து விழுக்காடு சிதைவையும் பொறுத்துக்கொண்டு அளந்த "180 வாட்" ஒன்று. இரண்டு வழிகளையும் ஒருசேர இயக்கி, செவிக்கு எட்டும் சுரங்கள் அனைத்திலும் அளந்த "80 வாட்" மற்றொன்று. பின்னதே பெரும்பாலும் உண்மைக்கு அருகில் நிற்பது. வாட் இருமடங்கானாலும் ஒலி கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. இதைவிட, ஒலிவாங்கி ஒன்றை அறையில் வைத்து அறைக்கேற்ப ஒலியைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி பன்மடங்கு பயனுடையது. மூன்றாண்டுக்கொருமுறை மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். "ப்ரீ-அவுட்" எனப்படும் வெளித்துளைகள் உள்ள மாதிரி கிடைக்குமாயின் அதையே தேர்க. பின்னாளில் வலு போதாதெனத் தோன்றினால் தனி ஆம்ப்ளிஃபையரை இணைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலுள்ள மகனோ மருமகனோ மலிவாகக் கிடைக்கின்றதென்று வாங்கிவரும் ரிசீவரைப் பற்றியும் ஒரு சொல். அது பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு அமைந்தது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அக்கணமே அதன் ஆயுள் முடிந்தது. பளுவான மாற்றி ஒன்றை உடன் வாங்க வேண்டும். பழுதானால் இங்குள்ள பணிமனை உத்தரவாதத்தை ஏற்பதும் அரிது. வாங்கும் மாதிரிக்கு நம் நகரிலேயே பணிமனை உண்டா என்று கடைக்காரரைக் கேட்டு, அம்முகவரியையும் குறித்துக்கொள்க. மூடிய அலமாரிக்குள் ரிசீவரை வைத்துத் தில்லிக் கோடையில் வேகவிடுதலும் ஆகாது; மேற்புறம் ஒரு சாணேனும் காற்றுக்கு இடம் வேண்டும்.

பழைய ரிசீவரை எடைக்குப் போட்டுவிட வேண்டா. அதற்குப் புதிய படம் புரியாதாயினும், ஒலியின் கை தளர்ந்திராது. இரண்டு ஒலிபெருக்கிகளோடு உள்ளறையில் வைத்தால் காலைப் பாட்டுக்கு அது தாராளமாகப் போதும்.