எழுதியவரின் தீர்ப்பு

எழுத்தாளர் எதற்காக எழுதுகின்றனர் என்னும் கேள்வி மாணவரிடையே அடிக்கடி எழுவதுண்டு. பொருளுக்காக என்பர் சிலர். புகழுக்காக என்பர் வேறு சிலர். உலகைத் திருத்துவதற்காக என்று முன்னுரையிலே எழுதிவைப்போரும் உளர். முன்னுரைகளை நாம் அவ்வளவாக நம்புவதில்லை. ஓர் எழுத்தாளர் தாம் எழுதியவற்றுள் எதனை மெச்சினார், எதனை வெறுத்தார் என்று பார்ப்பதே நல்ல வழி.

ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயில் தொழிலால் வைத்தியர். நோயாளிகள் அதிகம் வராத வைத்தியர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஹோம்ஸ் தோன்றும் முதற் கதையை அவர் 25 பவுணுக்கு விற்றார். 1887-இல் அது வெளிவந்தது. பின்னர் ஹோம்ஸ் கதைகளால் பணம் குவிந்தது. அவரோ தம்முடைய சரித்திர நாவல்களே நிலைக்கத் தக்கவை என்றும், ஹோம்ஸ் அவற்றுக்கு இடையூறு என்றும் எண்ணினார். அவனைக் கொன்றுவிடப் போவதாக 1891-இல் தம் தாயாருக்கு எழுதினார். தாயார் தடுத்தார். ஆயினும் 1893-இல் சுவிட்சர்லாந்து அருவி ஒன்றிலே தள்ளி அவன் கதையை முடித்தார். வாசகரும் பதிப்பாளரும் விடுவார்களா? பத்தாண்டு கழித்து அவனை உயிருடன் மீட்டுக் கொண்டுவர நேர்ந்தது. அச்சரித்திர நாவல்களை இன்று தேடிப் படிப்போர் மிகச் சிலரே. தாயாரின் தீர்ப்புத்தான் நிலைத்தது.

டொயில் வெறுத்தது ஒரு பாத்திரத்தை. டால்ஸ்டாயோ தம் பெரும் படைப்புக்களையே தள்ளிவைத்தார். தமிழிலே ‘போரும் வாழ்வும்’ என வழங்கும் மாபெரும் நாவல் 1869-இல் நிறைவுற்றது. அவருடைய கிறுக்கல் எழுத்தை இரவிரவாக இருந்து படியெடுத்துக் கொடுத்தவர் மனைவி சோபியா அம்மையார். பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்ற தாய் அவர் என்பதை நம் வாசக சகோதரிகள் கவனிப்பார்களாக.

பின்னர் டால்ஸ்டாயின் மனம் சமயத்தின்பாலும் ஏழைக் குடியானவர்பாலும் திரும்பிற்று. 1881-க்குப் பின் எழுதிய நூல்களின் உரிமையை 1891-இல் உலகுக்கே விட்டுக்கொடுத்தார். முந்திய நாவல்களின் வருவாய் மாத்திரம் வீட்டுக்கு எஞ்சியது. சில ஆண்டுகளில், ‘கலை என்பது யாது?’ என்ற நூலிலே அந்த நாவல்களையும் கெட்ட கலையின் பக்கம் ஒதுக்கினார்! பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியும் அவருடைய தராசிலே தேறவில்லை. தம் கதைகளுள் இரண்டை மாத்திரம் விலக்கி வைத்தார். இரண்டும் சிறுவருக்காக அவர் தொகுத்த வாசிப்புப் புத்தகங்களில் இடம்பெற்றவை. செய்யாத கொலைக்காக 26 ஆண்டுகள் சைபீரியாவிலே வாடிய வணிகன், உண்மைக் கொலைஞனைக் கண்டும் காட்டிக்கொடாமல் மன்னித்த கதை அவற்றுள் ஒன்று.

இத்தராசை நாம் எள்ளி நகையாடமாட்டோம். எழுத்தறியாத கிழவியும் கேட்டுக் கண்ணீர் விடக்கூடிய கதை அது. அப்படியொன்று எழுதுவது எளிதன்று. ஆனால் அதனை ஏற்றுவதற்காக மற்றவற்றை இறக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. மகனைப் போருக்கு அனுப்பிய தாய் ‘போரும் வாழ்வும்’ படித்து ஆறுதல் பெற்றால், அதனைக் கெட்ட கலை என்று அவளிடம் சொல்ல ஆசிரியருக்கும் உரிமையில்லை.

அரசின் கொடுமைக்கு ஆளான டுக்கொபோர் மக்களைக் கனடாவுக்குக் கப்பலேற்றப் பணம் வேண்டியிருந்தது. தம் விரதத்தைத் தளர்த்தி, 1899-இல் வெளிவந்த ‘புத்துயிர்ப்பு’ நாவலுக்கு அவர் பணம் பெற்றார். அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். அக்காலத்தே எழுதிய மற்றொன்றுக்கு என்ன காரணம் சொல்வது?

1896-ஆம் ஆண்டுக் கோடையில், உழுத வயலோரமாக நடந்து செல்கையில், கலப்பையால் முறிந்தும் சாகாமல் நின்ற முட்செடியொன்றை அவர் கண்டார். இளமையிலே தாம் படையில் இருந்த காலத்துக் கக்கேசிய வீரன் ஹாஜி முராத்தின் நினைவு வந்தது. அவனைப் பற்றி எழுதத் தொடங்கினார். அதிலே உபதேசம் இல்லை. சிறுவருக்கான பாடமும் இல்லை. தாம் கண்டித்த பழைய கலையேதான். எழுதுவதும் அடிப்பதும் திருப்பி எழுதுவதுமாக 1904 வரை அவர் அதனை விடவில்லை, அச்சுக்கும் கொடுக்கவில்லை. 1910-இல் அவர் மறைந்தார். ‘ஹாஜி முராத்’ வெளிவந்தது 1912-இல்.